நழுவும் தோள்மூட்டு: எந்த அறுவைச் சிகிச்சை தக்கது?

உழைத்துண்ணும் குடும்பத்திற்குத் தோளே முதல். காவிரிப் பாசனப் பகுதியின் வயல்களில் நாற்றுமுடிகளை வீசுவதும், களத்தில் கதிர்க்கட்டைத் தலைக்கு மேல் ஓங்கி அடிப்பதும், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையைத் தூக்கி லாரியில் அடுக்குவதும் தோளின் வலிமையால் நடைபெறுபவை. கதிரடிக்கும் வேலையை அறுவடை இயந்திரம் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. மூட்டை சுமக்கும் வேலை இன்னும் மனிதத் தோளின் மீதே இருக்கிறது.

உழைப்பைப் போலவே விளையாட்டும் இம்மண்ணில் தோளை நம்பியே நிற்கிறது. மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூர் கபடிக்குப் பெயர் பெற்ற ஊர். தஞ்சையை அடுத்த திருக்கானூர்பட்டியிலும் மாதாக்கோட்டையிலும் நடைபெறும் ஜல்லிக்கட்டைக் காணத் திரளானோர் கூடுவர். பாடிச் சென்றவரைப் பிடித்து இழுக்கும்போதும், காளையின் திமிலைத் தழுவியவர் அது துள்ளும் வேகத்தில் தூக்கி எறியப்படும்போதும் தோள்மூட்டு தன் இடத்தைவிட்டு நழுவுவதுண்டு. “கை கழன்றுவிட்டது” என்றும் “தோள் இறங்கிவிட்டது” என்றும் நம்மவர் கூறுவது இதனையே.

முதன்முறை நழுவிய தோளை எவரேனும் பொருத்திவிடுகின்றனர். சில மாதங்களில் வலி மறக்கப்படுகிறது. பின்பு இரண்டாம் முறை, ஐந்தாம் முறை என அது தொடர்கிறது. இறுதியில், சட்டை மாட்டக் கையை உயர்த்தினாலும், உறக்கத்தில் புரண்டு படுத்தாலும் நழுவும் நிலை வந்துவிடுகிறது. அப்போது குடும்பத்தார் மருத்துவரை நாடுகின்றனர். ஒரு மருத்துவர், சிறு துளைகள் வழியே தைத்துவிடலாம் என்கிறார். மற்றொருவர், எலும்பை வெட்டிப் பொருத்த வேண்டும் என்கிறார். இருவரும் கற்றறிந்தவர்களே. யார் சொல்வதைக் கேட்பது? பெற்றோர் திகைத்து நிற்கின்றனர்.

இத்திகைப்பைத் தீர்க்கும் பொருட்டே இக்கட்டுரை. “எந்த அறுவை சிறந்தது?” என்னும் வினாவுக்குப் பொதுவான விடை கிடையாது. “இந்தத் தோள் இதுவரை எதனை இழந்திருக்கிறது?” என்று கேட்டால் விடை தானே புலப்படும்.

வயலும் வரப்பும்

மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற குழியின்மீது அமர்ந்திருப்பதே தோள்மூட்டு. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை கிண்ணத்துள் பந்துபோல் ஆழப் பதிந்துள்ளது. தோளிலோ அகல் விளக்கின்மீது வைத்த எலுமிச்சம்பழம் போல் தலை பெரிதாகவும் குழி சிறிதாகவும் இருக்கின்றன. எந்த நிலையிலும் தலையின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குழியைத் தொடுவதில்லை. கையை நாம் எத்திசையிலும் சுழற்ற முடிவது இவ்வமைப்பினாலேயே. உடலின் பெரிய மூட்டுகளுள் தோளே மிகுதியாக நழுவுவதும் இதனாலேயே.

இக்குறையை ஈடுசெய்ய இயற்கை சில காவல்களை அமைத்துள்ளது. குழியைச் சுற்றிலும் விளிம்புக் குருத்து என்னும் உறுதியான வளையம் உள்ளது. வயலைச் சுற்றிய வரப்புபோல் அது குழிக்கு ஆழம் கூட்டுகிறது. அவ்வரப்பிலிருந்து இணைப்பு நார்களும் மூட்டுறையும் கிளம்பி மேற்கை எலும்பைப் பற்றுகின்றன. இவற்றின்மேல் நான்கு தசைகளின் நாண்கள் போர்வைபோல் மூடி, தலையைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன.

கை பக்கவாட்டில் உயர்ந்து பின்புறமாகத் திரும்பியிருக்கும் நிலையில் வலுவான இழுப்பு நேர்ந்தால், தலை முன்புறமாகப் பாய்ந்து வெளியேறுகிறது. நழுவும் தோள்களில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவை இவ்வாறு முன்புறம் நழுவுபவையே. அவ்வாறு வெளியேறும்போது மூன்று சேதங்கள் நேரலாம். முதலாவது, முன்புற வரப்பு எலும்பிலிருந்து பிய்ந்து போதல். இரண்டாவது, வரப்பு இருந்த குழியின் ஓரமே உடைந்தோ தேய்ந்தோ போதல். மூன்றாவது, குழியின் கூரிய விளிம்பில் மோதி, தலையின் பின்புறத்தில் பள்ளம் விழுதல். இப்பள்ளத்தை 1940ஆம் ஆண்டில் ஹில், சாக்ஸ் என்னும் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் இருவர் விளக்கியதால் அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது.

வரப்பு மட்டும் உடைந்திருந்தால் அதனைச் சீர்செய்தால் போதும். வரப்புக்கு அடியிலுள்ள மண்ணே கரைந்துபோயிருந்தால் புது மண் கொண்டுவந்து இட வேண்டும். நழுவும் தோளுக்கான அறுவைகள் அனைத்தும் இந்த இரண்டு வேலைகளுள் அடங்கும்.

உலக்கையும் பழுக்கக் காய்ச்சிய இரும்பும்

தோள் நழுவல் மனிதகுலத்தின் மிகப் பழைய துன்பங்களுள் ஒன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், நழுவிய தோளை அக்குளில் உலக்கையைக் கொடுத்து உயர்த்திப் பொருத்தி, குறுக்கும் நெடுக்குமாகத் துணிக்கட்டு இடும்படி கூறுகிறது. கிரேக்க நாட்டு ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் முறையில் மருத்துவர் தம் குதிகாலை நோயாளியின் அக்குளில் ஊன்றிக் கையை இழுப்பார். அடிக்கடி நழுவும் தோளுக்கு அவர் கூறிய வைத்தியம் கொடுமையானது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அக்குளில் செலுத்திச் சூடு போட்டால், ஆறும் புண் இறுகித் தழும்பாகி மூட்டைத் தடுத்து நிறுத்தும் என்பது அவர் கருத்து.

தழும்பால் இறுக்கிக் கட்டும் இவ்வெண்ணம் இருபதாம் நூற்றாண்டிலும் வேறு உருவில் தொடர்ந்தது. இத்தாலியின் புட்டி, இங்கிலாந்தின் பிளாட் ஆகிய இருவர் தனித்தனியே கையாண்ட அறுவை முறை 1948இல் நூல்வழி விளக்கம் பெற்றது. தோளின் முன்புறத் தசையையும் மூட்டுறையையும் மடித்துக் குறுக்கித் தைப்பதே அம்முறை. தோள் நழுவுவது நின்றது. ஆனால் கை வெளிப்புறமாகத் திரும்பும் ஆற்றல் குன்றியது. ஆண்டுகள் பல சென்றபின் அவ்வாறு இறுக்கப்பட்ட மூட்டுகள் சிலவற்றில் தேய்மானமும் வலியும் தோன்றின. எனவே அம்முறை இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. நழுவாதிருத்தல் ஒன்றையே வெற்றியாகக் கொள்ளலாகாது, கை பழையபடி இயங்கவும் வேண்டும் என்னும் பாடத்தை மருத்துவ உலகிற்கு அது கற்பித்தது.

முதன்முறை நழுவும்போது

அறுவைகளை ஒப்பிடுமுன் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆடுகளத்திலோ வயலிலோ தோள் நழுவினால் உடனிருப்போர் கையைப் பிடித்து இழுத்தல் கூடாது. கை எந்த நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயே துண்டால் தாங்கிக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நழுவலோடு எலும்பு முறிவும் சேர்ந்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுக்காமல் அதனை அறிய இயலாது. மூட்டைச் சுற்றிச் செல்லும் நரம்பு நசுங்கியிருந்தால் தோளின் வெளிப்புறத்தில் உணர்வு குன்றியிருக்கும். பொருத்துமுன்னும் பொருத்திய பின்னும் மருத்துவர் இதனைச் சோதிப்பார்.

நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொள்ளும் வழக்கமும், அதற்காக ஆந்திர மாநிலத்துப் புத்தூர் வரை செல்லும் வழக்கமும் நம் மக்களிடையே உண்டு. நம்பிக்கையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும் பொருந்தாத மூட்டின்மேல் கட்டுப் போட்டு மூன்று வாரங்களுக்கு மேல் கழிந்துவிட்டால், பின்னர் அதனைக் கையால் பொருத்துவது அரிதாகி அறுவை தேவைப்படலாம். தஞ்சாவூரில் 1959ஆம் ஆண்டிலிருந்தும், திருவாரூரில் 2010ஆம் ஆண்டிலிருந்தும், நாகப்பட்டினத்தில் 2022ஆம் ஆண்டிலிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. முதல் சில மணி நேரத்திற்குள் அத்தகைய இடத்தை அடைவதே அறிவுடைமை.

முதன்முறை நழுவிய எல்லோருக்கும் அறுவை தேவையா? தேவையில்லை. வயதே இங்கு முதல் அளவுகோல். எடின்பரோ நகரில் 15 முதல் 35 வயது வரையிலான 252 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்கும், ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் தோள் மீண்டும் நிலைகுலைந்தது. அவர்களுள்ளும் இளைய ஆண்களுக்கே இடர் மிகுதி. மறுபுறம், ஸ்வீடன் நாட்டில் 25 ஆண்டுகள் தொடர்ந்து நடைபெற்று 2008இல் வெளிவந்த ஆய்வு ஆறுதலான செய்தியையும் தருகிறது. 12 முதல் 25 வயதுக்குள் முதன்முறை தோள் நழுவி, அறுவையின்றிச் சிகிச்சை பெற்றவர்களுள் பாதிப் பேருக்கு மீண்டும் நழுவவே இல்லை, அல்லது காலப்போக்கில் தோள் தானே நிலைபெற்றுவிட்டது.

ஆகவே முதல் நழுவலுக்குப்பின் சில வாரம் தூளிக்கட்டும், அதன்பின் முறையான இயன்முறைப் பயிற்சியும் பலருக்குப் போதுமானவை. மீண்டும் மீண்டும் நழுவுவோரும், தோளை வருத்தும் தொழிலோ விளையாட்டோ உடைய இளைஞரும் அறுவையைப் பற்றி எண்ண வேண்டியவர்கள்.

வரப்பைத் தைக்கும் அறுவை

இலண்டன் நகர அறுவை மருத்துவர் பிளண்டெல் பேங்கார்ட், 1923ஆம் ஆண்டில் ஓர் எளிய உண்மையை வலியுறுத்தினார். அடிக்கடி நழுவும் தோளில் முன்புற வரப்பு எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறது. பிய்ந்த இடத்திலேயே அதனை மீண்டும் பொருத்த வேண்டும் என்றார். 1938இல் தாம் அறுவை செய்த 27 தோள்களின் விவரத்தை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றும் மீண்டும் நழுவவில்லை எனக் குறித்தார். இன்றளவும் வரப்பைத் தைக்கும் அறுவை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதனை இரு வழிகளில் செய்யலாம். தோளின் முன்புறத்தைக் கீறித் திறந்து செய்வது பழைய வழி. ஆர்த்ராஸ்கோப்பி என்னும் நுண்துளை முறை புதிய வழி. இரண்டு மூன்று சிறு துளைகளில் ஒன்றின் வழியே ஒளிப்படக் கருவியைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே செய்யப்படுவது இது. குழியின் ஓரத்தில் நூல் கோத்த சிறு நங்கூர ஆணிகளைப் பதித்து, அந்நூலால் வரப்பையும் மூட்டுறையையும் இழுத்துக் கட்டுகின்றனர். பொதுவாக மூன்று அல்லது நான்கு ஆணிகள் தேவைப்படும். தழும்பு சிறிது, வலி குறைவு, முன்புறத் தசையை வெட்ட வேண்டியதில்லை, கை திரும்பும் ஆற்றலும் நன்கு காக்கப்படுகிறது. உலகெங்கும் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது இம்முறையே.

புதியது எல்லாவகையிலும் மேலானதா? கனடா நாட்டில் 196 பேரை இரு பிரிவாகச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து ஆய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் இரு பிரிவினரும் அன்றாட வாழ்வில் ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர். ஆனால் தோள் மீண்டும் நிலைகுலைந்தவர்கள் திறந்த அறுவையில் நூற்றுக்கு 11 பேர். நுண்துளை அறுவையில் நூற்றுக்கு 23 பேர். 25 வயதுக்கு உட்பட்ட, தலையில் பள்ளம் விழுந்த ஆண்களிடம் இத்தோல்வி மிகுதியாக இருந்தது.

இத்தோல்வி எங்கிருந்து வருகிறது என்பதை 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பர்க்கார்ட்டும் தென்னாப்பிரிக்காவின் டி பீரும் காட்டியிருந்தனர். நுண்துளை வழியே தைத்த 194 தோள்களை அவர்கள் ஆராய்ந்தனர். எலும்பில் பெருஞ்சேதம் இல்லாதவர்களுள் நூற்றுக்கு 4 பேருக்கே மீண்டும் நழுவியது. பெருஞ்சேதம் இருந்தவர்களுள் நூற்றுக்கு 67 பேருக்கு நழுவியது. இரு பிரிவினருக்கும் செய்யப்பட்டது ஒரே வகை அறுவைதான். அடியில் எலும்பு இருந்ததா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானித்தது. கரைந்த கரையின்மேல் எவ்வளவு திறமையாக வரப்பு கட்டினாலும் அடுத்த வெள்ளத்தில் அது நிற்காது.

எலும்பைக் கொண்டு சேர்க்கும் அறுவை

எலும்பு குறைந்த தோளுக்கு வழிகாட்டியவர் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து மிஷேல் லாட்டர்ஜே. அவர் 1954இல் வெளியிட்ட முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் தோளின் முன்புறத்தில், காறை எலும்பிற்குக் கீழே, காக்கையின் அலகைப்போல் வளைந்த எலும்பு முளை ஒன்றுண்டு. அதனை அதில் ஒட்டியுள்ள தசைநாணோடு வெட்டி எடுத்து, குழியின் முன்புற ஓரத்தில் வைத்து, திருகாணிகளால் இறுக்குவதே லாட்டர்ஜே அறுவை. முளையின் நுனியை மட்டும் பெயர்த்து வைக்கும் பிரிஸ்டோ முறை 1958இல் வெளிவந்தது. அது இதன் உறவினம்.

இவ்வறுவை இரு வகையில் தோளைக் காக்கிறது. குறைந்த குழியை எலும்பு விரிவாக்குகிறது. எலும்போடு வந்த தசைநாண், கை உயரும்போது மூட்டின் முன்னே தொட்டில் கயிறுபோல் இறுகித் தலையைத் தடுத்து நிறுத்துகிறது. இதனோடு மூட்டுறையையும் தைத்து வலுப்படுத்துவதுண்டு. ஆகவே எலும்பு தேய்ந்த தோளிலும் இது உறுதியாக நிற்கிறது.

அதற்குரிய விலையும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, இவ்வகை அறுவைகளில் மீண்டும் முழுதாக நழுவிய தோள்கள் நூற்றுக்கு 3 அளவே எனக் கணக்கிட்டது. ஆனால் சிறிதும் பெரிதுமான சிக்கல்கள் நூற்றுக்கு 30 என்னும் அளவில் இருந்தன. ஒட்டிய எலும்பு சேராமல் போகலாம், அல்லது கரையலாம். திருகாணி துருத்தலாம், அருகில் ஓடும் நரம்புகள் இழுபடலாம். எலும்பைச் சற்றே வெளியே தள்ளி வைத்துவிட்டால் தலை அதில் உரசி மூட்டு தேயலாம். தசை, நரம்பு ஆகியவற்றின் இயற்கை இடம் மாறிவிடுவதால் இவ்வறுவை தோற்றால் மறு அறுவை கடினமாகிறது. எனவே இதனைச் செய்பவரின் கைத்தேர்ச்சி பெரிதும் முக்கியமானது.

காக்கையலகு எலும்பும் போதாதபோதும், முன் செய்த லாட்டர்ஜே அறுவை தோற்றபோதும், இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டும் முறை கைகொடுக்கிறது.

குழியில் சேதம் சிறிதாகவும் தலையின் பின்புறப் பள்ளம் பெரிதாகவும் இருப்போருக்கு நடுவழி ஒன்று உண்டு. முன்புற வரப்பைத் தைக்கும்போதே, பின்புறத் தசைநாணைப் பள்ளத்துள் பதித்துத் தைத்துவிடுகின்றனர். பள்ளம் நிரம்பிவிடுவதால் அது குழியின் விளிம்பில் சிக்குவதில்லை. ‘நிரப்புதல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் இது ரெம்பிளிசாஜ் எனப்படுகிறது. கனடாவில் நடைபெற்று 2021இல் வெளிவந்த ஆய்வில், வரப்பை மட்டும் தைத்தவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கும், பள்ளத்தையும் நிரப்பியவர்களுள் நூற்றுக்கு 4 பேருக்கும் தோள் மீண்டும் நிலைகுலைந்தது. கை வெளிப்புறம் திரும்புவதில் சிலருக்குச் சிறிது குறை ஏற்படலாம்.

எவருக்கு எது?

எலும்பின் இழப்பை அளப்பதே முதற்படி. எக்ஸ்ரே ஓரளவே காட்டும். வரப்பு, தசைநாண் ஆகியவற்றின் சேதத்தை எம்.ஆர்.ஐ. காட்டும். எலும்பின் இழப்பைச் சரியாக அளக்க முப்பரிமாண சி.டி. ஸ்கேன் துணைபுரியும். குழியின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்துவிட்டால், தைத்தல் மட்டும் போதாது என்பது பெரும்பாலான மருத்துவர்களின் முடிபு. அதனினும் குறைவான இழப்பே சிலருக்கு இடர் தருவதாக அண்மை ஆய்வுகள் கூறுகின்றன.

பால்க், புவாலோ என்னும் மருத்துவர் இருவரும் 2007இல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வகுத்தனர். அறுவையின்போது வயது 20 அல்லது அதற்குக் கீழ் எனில் 2. போட்டி விளையாட்டில் ஈடுபடுவோர் எனில் 2. மோதல் விளையாட்டோ கையைத் தலைக்கு மேல் வீசும் விளையாட்டோ எனில் 1. மூட்டுகள் இயல்பாகவே தளர்ந்தவை எனில் 1. எக்ஸ்ரேயில் கையை வெளிப்புறம் திருப்பிய நிலையிலும் தலையின் பள்ளம் தெரிந்தால் 2. குழியின் கீழ்விளிம்பு குலைந்திருந்தால் 2. மொத்தம் 10. ஆறுக்கு மேல் பெற்றவர்களுக்கு நுண்துளைத் தையல் நூற்றுக்கு 70 வரை தோற்றதால், அவர்களுக்கு லாட்டர்ஜே முறையை அவர்கள் பரிந்துரைத்தனர்.

இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம். கடையில் கணக்கு எழுதும் 27 வயது இளைஞர் ஒருவருக்கு இருமுறை தோள் நழுவியது எனக் கொள்வோம். எலும்பில் சேதமில்லை. அவருக்கு நுண்துளை வழியே வரப்பைத் தைப்பதே போதும். எலும்பை வெட்ட வேண்டிய தேவையில்லை.

கபடிப் போட்டிகளில் ஆடும் 19 வயது மாணவருக்கு ஆறேழு முறை நழுவி, குழியின் ஓரமும் தேய்ந்துவிட்டது எனக் கொள்வோம். வயது, போட்டி, மோதல், விளிம்புக் குறை ஆகியவற்றைக் கூட்டினாலே மதிப்பெண் 7. சிறு தழும்பை விரும்பி அவர் தையலை மட்டும் நாடினால், மீண்டும் அறுவை மேசைக்கு வரும் வாய்ப்பே மிகுதி.

மூட்டை சுமக்கும் 35 வயதுத் தொழிலாளி விளையாட்டு வீரர் அல்லர். ஆகவே மதிப்பெண் குறைவாகவே வரும். ஆனால் அவர் தோளின் மேல் நாள்தோறும் ஏறும் பாரம் எந்த ஆட்டத்திற்கும் குறைந்ததன்று. மேல்நாட்டு விளையாட்டு வீரர்களைக் கண்டு வகுத்த அட்டவணையில் நம் தொழிலாளியின் உழைப்புக்கு இடமில்லை. அதனை மருத்துவரிடம் எடுத்துரைப்பது நோயாளியின் கடமை. கேட்டறிவது மருத்துவரின் கடமை.

வரப்பில் வழுக்கி விழுந்து தோள் நழுவிய 60 வயது மூதாட்டியின் நிலை முற்றிலும் வேறு. அவ்வயதில் மீண்டும் நழுவுவது அரிது. ஆனால் தோளை மூடிய தசைநாண்கள் கிழிந்திருக்கக்கூடும். பொருத்திய பின்னும் இரண்டு மூன்று வாரங்களில் கையை உயர்த்த முடியவில்லையெனில் அதனைச் சோதிக்க வேண்டும்.

வலிப்பு நோய் உள்ளவர்க்கு முதலில் வலிப்பை மருந்தால் கட்டுப்படுத்தியாக வேண்டும். இல்லையேல் எந்த அறுவையும் நிலைக்காது. பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்து, பல திசைகளிலும் தோள் நழுவுவோருக்கு நீண்டகாலப் பயிற்சியே முதற்சிகிச்சை.

ஒவ்வொரு நழுவலும் ஒரு செலவு

நழுவிய தோளைத் தானே தட்டிப் பொருத்திக்கொள்ளக் கற்றுவிட்ட இளைஞர்கள் உண்டு. தோழர்கள் அதனைத் திறமை எனப் பாராட்டுவர். உண்மையில் ஒவ்வொரு நழுவலின்போதும் குழியின் ஓரம் சிறிது தேய்கிறது. தலையின் பள்ளம் சிறிது ஆழமாகிறது. மூட்டுறை சிறிது தளர்கிறது. இரண்டாம் நழுவலின்பின் சிறு தையலால் தீர்ந்திருக்க வேண்டிய குறை, பத்தாம் நழுவலின்பின் எலும்பை வெட்டி ஒட்டும் அறுவையை வேண்டி நிற்கிறது. சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பம் அறுவையைத் தவிர்த்துவிடவில்லை. சிறிய அறுவையைப் பெரிய அறுவையாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

அறுவைக்குப்பின் தேவைப்படும் பொறுமையையும் முன்பே எண்ண வேண்டும். எந்த முறையாயினும் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் தூளிக்கட்டு; அதன்பின் படிப்படியான பயிற்சி; பாரம் தூக்கவும் மோதல் விளையாட்டுக்குத் திரும்பவும் ஐந்து ஆறு மாதம். இந்தியக் கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் ஐயர் 2021 மார்ச்சு மாதம் புனே ஆட்டத்தில் தோள் நழுவி, ஏப்ரலில் அறுவை செய்துகொண்டு, செப்டம்பரில்தான் ஆடுகளம் திரும்பினார். எல்லா வசதியும் உடைய வீரருக்கே ஐந்து மாதம் ஆயிற்று.

வயலை நம்பிய குடும்பம் இக்காலத்தைப் பருவத்தோடு பொருத்திக்கொள்ளலாம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. இடைப்பட்ட நான்கு மாதங்கள், நாள் தள்ள இயலும் நிலையிலுள்ளோர்க்கு ஏற்ற இடைவெளி. குறுவை நாற்றங்கால் வேலை தொடங்கும்போது கை இலகுவான வேலைக்குத் தயாராகியிருக்கும். மூட்டை சுமக்கும் பணியை மட்டும் இன்னும் சிறிது காலம் பிறர் தோளுக்கு விட வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது கேட்க வேண்டியவை சிலவே. குழியில் எவ்வளவு எலும்பு குறைந்துள்ளது? தலையிலுள்ள பள்ளம் குழியின் ஓரத்தில் சிக்குமா? இந்த அறுவையை எனக்குத் தாங்கள் தேர்ந்த காரணம் யாது? இவ்வகை அறுவையைத் தாங்கள் எத்தனை முறை செய்துள்ளீர்கள்? இது தோற்றால் அடுத்த வழி யாது? பயிற்சிக்கு எங்கே, எத்தனை நாள் வர வேண்டும்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தமக்குக் கூறப்பட்ட அறுவை அதில் அடங்குமா என்பதை அனுமதி பெறுமுன்னரே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விகளால் மனம் வருந்தார்.

பெற்றோர்க்கு ஒரு சொல். உங்கள் மகனின் தோள் ஒருமுறை நழுவியிருந்தால் அவனை ஆட்டத்திலிருந்து தடுத்து வீட்டில் அடைக்க வேண்டியதில்லை. பயிற்சியைத் தவறாமல் செய்கிறானா எனக் கவனித்தால் போதும். இரண்டாம் முறையும் நழுவிவிட்டால், அடுத்த போட்டிக்கும் அடுத்த அறுவடைக்கும் முன்பே அத்தோளைப் படமெடுத்துப் பாருங்கள். குழியில் எலும்பு எஞ்சியிருக்கும்போது மருத்துவருக்குப் பல வழிகள் திறந்திருக்கும். அது தேயத் தேய அவ்வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.